குளக்கட்டும் இரத்தக்குழாயும்

கேள்வி: சீனி வருத்தத்தோடு இப்போது இருதய வருத்தமும் வந்துவிட்டது. இனி வாழ்க்கையில் இனிப்பே இல்லையா?
– வாசகர் ஒருவர், வவுனியா

பதில்: இருக்கிறது, தேத்தண்ணிக் கோப்பையை விட்டு வாழ்க்கைக்குள் இடம்மாறுகிறது!

குளக்கட்டைக் காக்கத் தெரிந்த ஊர்க்காரர் நாங்கள். குளத்தில் நீர்மட்டம் ஏறினால் கட்டுக்கு ஆபத்து. இரத்தத்தில் சீனி ஏறியே நின்றால் இரத்தக்குழாய்ச் சுவர் பழுதாகும், கொழுப்புப் படியும், இருதயத்துக்குப் போகும் வாய்க்கால் அடைபடும். அதனால் சீனியைக் கட்டுப்படுத்துவது இருதயத்துக்கும் காவல்.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள்; குரக்கன் பிட்டும் அளவோடுதான். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு மாலையில் குளக்கட்டில் நடங்கள்.

சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சுநோ இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சுமுட்டல் என்றால் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம், உங்கள் உயிர் விலைமதிப்பற்றது.