பூஜைக்கு ரெண்டே ரெண்டு பூ

ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகி, மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்த கிரும்பிகல் துரை பெரிய மேதை. மறுக்கவில்லை. கே.ஆர்.எஸ். அணையின் காலடியில் திவான் மிர்சா இஸ்மாயில் எழுப்பிய பிருந்தாவனத்தை வடிவமைத்தவர் அவர்தான். பெங்களூரில் ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து நட்டவரும் அவரே. ஆனால் அவர் தோட்டங்களுக்குச் சர்க்கார் காவல் உண்டு. விடிகாலையில் பிளாஸ்டிக் பையோடு வாக்கிங் போகிறவர்களை அவர் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை.

மைசூர் குவெம்பு நகரில் நாங்கள் தோட்டம் போடலாம் என்றதும் ஒரு லேண்ட்ஸ்கேப் தம்பி வந்தார். வெயில் எத்தனை மணி நேரம் விழும், மண் என்ன மண், தண்ணீர் காவேரியா போர்வெல்லா என்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் குறித்துக்கொண்டார். முக்கியமான கேள்வியைக் கேட்கவில்லை: எந்தப் பூ எந்தச் சாமிக்கு ஆகும்?

ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும் செடிகளாகப் போடுவது என்று முடிவாயிற்று. குளிர்தேசத்தில் இந்த வகைச் செடிகள் பனிக்காலத்தில் மடங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்குமாம். மைசூரில் மடங்கும் அளவுக்குக் குளிர் ஏது? வருஷம் பூராவும் பூக்கின்றன. நாங்கள் எழுவதற்குள் பூ இருக்காது, அவ்வளவுதான்.

செம்பருத்தி அம்மனுக்கும் பிள்ளையாருக்கும். நந்தியாவட்டை சிவனுக்கு. அரளி விஷம், மாடுகூட வாய் வைக்காது. அதற்கும் பக்தர்கள் உண்டு. "ஸ்வல்ப பூஜெகெ, சார்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே, குடையின் வளைந்த கைப்பிடியைக் காம்பவுண்டுக்கு மேலாக விட்டு, கிளையை இழுத்து, மொட்டு வரைக்கும் பறிப்பார்கள். மொட்டைத் தண்ணீரில் போட்டால் அவர்கள் வீட்டில் மலருமாம். பவளமல்லி மட்டும் தரையில் விழுந்ததையும் பூஜைக்கு எடுக்கலாம் என்று சாஸ்திரம் சலுகை கொடுத்திருக்கிறது. அதனால் அதற்குக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிடுகிறார்கள்.

ஆக, சாமி கேட்காத, மாடு தின்னாத, அதிகம் தண்ணீர் குடிக்காத செடி வேண்டும். காகிதப்பூ தேறியது. முள்ளும் இருக்கிறது. நாம் பூ என்று பார்ப்பது வண்ண இலைகள்தான். நிஜப் பூ நடுவில் வெள்ளையாகத் துளியூண்டு இருக்கும். அதைப் பறிக்கும் பொறுமை எந்த பக்தருக்கும் இல்லை.

நர்சரிக்காரர் இன்னொன்றும் காட்டினார். குட்டிக் குட்டிக் கொத்து, மஞ்சளும் ரோஸும், எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு. பார்த்தால் நம் உண்ணிச்செடி! அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக இந்தியாவுக்கு வந்து, வேலி தாண்டி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பந்திப்பூர் காட்டில் புல் முளைக்கவிடாமல் புதராக மண்டிக்கிடக்கும் அதே புண்ணியவதி. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போயிற்று. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் இதன் குச்சிகளைப் பின்னி முழு உருவ யானைகள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. நிஜ யானைக்குத்தான் புல் இல்லை. "இது ஹைப்ரிட் சார், அடக்கமான ரகம்" என்றார் நர்சரிக்காரர். வந்த புதிதில் அதுவும் அடக்கமாகத்தான் இருந்திருக்கும். வேண்டாம் என்றுவிட்டோம்.

கடைசியில் வழி சொன்னது என் மனைவி. "ரோட்டுப் பக்கம் அவங்களுக்கு, உள்பக்கம் நமக்கு. அவ்வளவுதானே?" காம்பவுண்டை ஒட்டி வரிசையாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி. உள்ளே கல்வாழையும் இட்லிப்பூவும். லேண்ட்ஸ்கேப் தம்பி தன் வரைபடத்தில் இதற்கு "பஃபர் ஜோன்" என்று பெயர் போட்டுக்கொண்டார்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. போன வாரம் காலையில் காலிங் பெல். குடைப் பெரியவர் வாசலில் நிற்கிறார், முகம் சரியில்லை.

"ஏன் சார், உங்க செம்பருத்தியில மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கே, கவனிக்கிறதில்லையா? கொஞ்சம் வேப்பெண்ணெய் அடிக்கக் கூடாதா? ஒரு வாரமா எங்க வீட்டுப் பிள்ளையார் வெறும் அருகம்புல்லோட உட்கார்ந்திருக்கார்."