மூடிய பெட்டியும் திறந்த சபையும்

பூட்டி முத்திரையிட்ட இரும்புப் பெட்டிகளை, உள்ளே என்ன இருக்கிறதென்று கேளாமலே கணக்கெழுதுவது என் ஜீவனோபாயம். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னரின் கதவில் தொங்கும் சீல் எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒத்திருந்தால் என் ஆராய்ச்சி பரிபூரணமாயிற்று. அதற்குமேல் ஆவல் கொள்வது சுங்க இலாகாவின் தனியுரிமை. இப்பேர்ப்பட்ட நான், மூடிய பெட்டி எதைக் கண்டாலும் நித்திரை கொள்ளாத ஒரு கூட்டத்தாரின் நடுவே இரண்டாம் சனிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்திருந்தேன் என்றால், அது விதியின் விநோதமே.

அந்தக் கூட்டத்தார்தாம் சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர். 1998 ஜனவரி முதல் இயங்கிவரும் இச்சபையின் மாதாந்தர உபந்நியாசங்கள் கிண்டி ஐ.ஐ.டி.யின் விமானவியல் துறை வகுப்பறையில் நடைபெற்றன. அனுமதிக் கட்டணம் கிடையாது, 'நீர் யார்?' என்று கேட்பாரும் கிடையாது. மீஞ்சூர் வரை பஸ், சென்ட்ரல் வரை மின்ரயில், மறுபடியும் பஸ் என்று நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தால், வளாகத்துப் புள்ளிமான்கள் மட்டும் என்னைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கும்.

எந்த மென்பொருளின் உள்ளடக்கத்தையும் எவரும் திறந்து பார்க்கலாம் என்ற இவர்களுடைய கொள்கையின் மூலபுருஷர் ரிச்சர்டு ஸ்டால்மன். அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அச்சு இயந்திரம் அடிக்கடி காகிதத்தை விழுங்கிக்கொண்டு நிற்க, அதைச் சீர்படுத்த அவர் அதை இயக்கும் மென்பொருளின் மூல நிரலைக் கேட்டார், தரமாட்டோம் என்றார்கள். நம்மவராயிருந்தால் இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்போம். அவரோ 1983-இல் ஒரு மகா இயக்கத்தையே ஆரம்பித்துவிட்டார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக எழுதிய லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு அதனோடு வந்து சேர்ந்தது.

உபந்நியாசகரின் மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் சமாதானம் ஏற்படும்வரை அவையில் வேறு ஒரு யுத்தம் நடக்கும். வி.ஐ., ஈமாக்ஸ் என்பவை கணினியில் நிரல் எழுத உதவும் இரு மென்பொருள்கள், இரண்டும் 1976-இல் பிறந்தவை. எது சிறந்ததென்ற வழக்கில் வடகலை தென்கலைப் பிணக்குக்குக் குறைவில்லாத வைராக்கியத்தை நான் கண்டேன். வி.ஐ.யைத் திறந்துவிட்டு வெளியே வரும் வழி தெரியாமல் விழித்த பேர்வழியாகையால், நான் நடுநிலை வகித்தேன்.

ஒருநாள் பேச்சு 'டாக்கர்' பற்றியது. ஒரு மென்பொருளையும் அதற்குத் துணையான சகல சாமான்களையும் ஒரே கண்டெய்னரில் அடைத்துவிட்டால், லினக்ஸ் ஓடும் எந்த இயந்திரத்திலும் அதை இறக்கி ஓட்டலாமாம். லாரி முதலாளி மால்கம் மக்லீன், 1956 ஏப்ரல் 26-இல் 58 பெட்டிகளைக் கப்பலேற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பிய கதையோடு பேச்சு தொடங்கிற்று. டாக்கர் உலகத்தின் முன் தோன்றியது 2013-இல்; எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பதை நான் வாய் தவறிச் சொல்லிவிட, அத்தனை தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின.

அதன்பின் பேச்சாளரைக் கவனிப்பாரில்லை. கப்பல் ஆடும்போது பெட்டிகள் சரியாதா? மூலைக்கு மூலை ட்விஸ்ட்-லாக் என்ற பூட்டு உண்டு என்றேன். கனமான பெட்டியை மேலே வைத்தால்? வைப்பதில்லை என்றேன். குளிர்பெட்டிக்கு மின்சாரம்? கப்பலிலேயே பிளக் இருக்கிறது என்றேன். பேச்சாளரே குறிப்பெடுத்துக்கொண்டார். பல மாதங்களாக அங்கே பேசியதில் பாதிகூட விளங்காமல் தலையாட்டி வந்த எனக்கு, மற்றவர்கள் தலையாட்ட நான் பேசுவதில் இத்தனை சுகம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"உள்ளே என்ன இருக்கும், சார்?" என்றார் ஓர் இளைஞர்.

"தெரியாது. திறக்கக் கூடாது."

சபை திகைத்தது. தேநீர்க்கடை வரை பின்தொடர்ந்து வந்து, துறைமுகத்தை நேரில் பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தார்கள். லினக்ஸின் மூல நிரலை வீட்டில் சாய்ந்தபடியே எவரும் படித்துவிடலாம், எங்கள் வாசலைத் தாண்டவோ விண்ணப்பம், அடையாள அட்டை, மேலதிகாரி கையெழுத்து, கடைசியில் கணினி அச்சிட்டுத் தரும் பாஸ் எல்லாம் வேண்டும் என்று விஸ்தாரமாக விளக்கினேன். எல்லாரும் சோர்ந்து கலைந்தார்கள். அந்த இளைஞர் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"சார், அந்தப் பாஸை அச்சிடுகிற மென்பொருளின் மூல நிரல் கிடைக்குமா?"