பிறர் பாட்டியின் பித்தளை

பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார், தம் பெண்களின் சீர்சாமானுக்கென்று அக்காலத்தில் கப்பலேற்றிக் கொணர்ந்த ஸ்வீடன் தேசத்து எனாமல் கிண்ணங்களையும் ஜப்பான் பீங்கான்களையும், இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருட் கடைகளில், பட்டணத்துக் கனவான்கள் விக்கிரகத்தைப் பரீக்ஷிக்கும் பக்தி சிரத்தையோடு புரட்டிப் பார்ப்பது காணத்தக்க காட்சி. விளிம்பில் எனாமல் பெயர்ந்து உள்ளேயுள்ள இரும்பு கறுத்துத் தெரிந்தால் விலை குறையுமென்று எண்ணுகிறவர் லோகானுபவம் இல்லாதவர். அந்த வடுவே ‘அசல்’ என்பதற்கு அத்தாட்சியாகி விலையை ஏற்றிவிடுகிறது.

பித்தளைத் தாம்பாளத்தின் மகிமையோ இன்னும் விசேஷம். எவர்சில்வர் மோகம் தலைக்கேறிய நாளில், சொந்தப் பாட்டியின் பெயர் வெட்டிய பாத்திரங்களையெல்லாம் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டு நாலு டம்ளர் வாங்கிக்கொண்ட குடும்பத்தின் சந்ததியார், யாரோ ஓர் ஆச்சியின் இனிஷியல் புள்ளி புள்ளியாகப் பொறித்த தாம்பாளத்தை, எடையையே விசாரியாமல், கேட்ட தொகைக்கு வாங்கிப்போய், சாப்பாட்டு மேஜையின் நடுநாயகமாக வைத்து, விருந்தினருக்கு அதன் வமிச சரித்திரத்தையும் (கடைக்காரர் உபயம்) விஸ்தாரமாக எடுத்துரைக்கிறார்கள். சாம்பார் மட்டும் ஹோட்டலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வந்து சேருகிறது.

உண்மையிலேயே பரிமாற உத்தேசமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: புளி சேர்ந்த பதார்த்தத்தைப் பித்தளையில் ஊற்றுமுன் அதற்கு ஈயம் பூசிக்கொள்ளுங்கள், ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றாதீர்கள், 232 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும்.