கை தூக்கிய கூட்டம்

நான் பார்த்த முதல் ஓட்டெடுப்பு எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் இடையே நடந்தது. 1965ஆம் ஆண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு அருகே செம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு, திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். எந்தப் படம் என்று முடிவு செய்யத்தான் கோயில் வாசலில் கூட்டம். எம்.ஜி.ஆரின் 'படகோட்டி'யும் சிவாஜியின் 'நவராத்திரி'யும் 1964 தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் வெளிவந்தவை. கடல் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தச் சண்டையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தன.

தீமிதி எத்தனை மணிக்கு, ஆடு எத்தனை, பந்தல் யார் பொறுப்பு என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படம்தான் நள்ளிரவைத் தாண்டியது. கடைசியில் பெரிய கங்காணி எழுந்து, "பேசினது போதும், கை தூக்குங்கடா" என்றார். கேஸ் விளக்கை ஒரு பையன் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, இவர் பிரம்பை நீட்டி நீட்டி எண்ணினார். என் சித்தப்பா இரண்டு கையையும் தூக்கியிருந்தார். "ஒரு கையை இறக்குடா" என்றதும், "இது என் தம்பிக்கு, அவன் காய்ச்சல்ல படுத்திருக்கான்" என்றார். அந்தக் கை செல்லுமா செல்லாதா என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. பெண்களுக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. ஆனால் பின்னால் நின்றுகொண்டு யார் கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு அதற்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது.

'படகோட்டி' மூன்று கை வித்தியாசத்தில் வென்றது. தோற்ற சிவாஜிக்காரர்கள் மறுநாள் காலை நேரே ஆபீசுக்குப் போய், "செக்ரோலில் பிடிக்கிற கோயில் வரியை எங்க சம்பளத்துல பிடிக்காதீங்க" என்று சம்பளப் பட்டியல் எழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் 'நவராத்திரி' என்று கங்காணி அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி வாக்குக் கொடுத்த பிறகுதான் வரி திரும்ப வந்தது. தோட்டத்தில் படித்தவர் என்று சொல்ல கிராணியும் வாத்தியாரும்தான். ஆனாலும் வரி எதற்கு, சபை எதற்கு, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே 1965 மார்ச்சில் கோலாலம்பூரில் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. இந்தோனேசியாவோடு 'கொன்ஃப்ரொந்தாசி' மோதல் நடக்கிறது, ஆகவே நாடு முழுவதும் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன என்றது. நாங்கள் கை தூக்கிக்கொண்டிருந்த வருஷம்தான் ஈப்போக்காரர்கள் கையை இறக்கினார்கள். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம், ஏனென்றால் எங்களுக்கு அந்த ஓட்டே கிடையாது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஈப்போ டவுனுக்கு டவுன் கவுன்சில் இருந்தது. 1962இல் அது முனிசிபல் ஆயிற்று. அறுபதுகளில் அது சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது பி.பி.பி.யின் கோட்டை. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து வக்கீல்களான டி.ஆர்., எஸ்.பி. என்ற அந்த இருவரும் 1953இல் ஈப்போவில் தொடங்கிய கட்சி. சீனர்கள் மிகுந்த ஊரில் தமிழர் நடத்திய கட்சி, அன்றைய ஆளும் கூட்டணியை எதிர்த்து ஓட்டு வாங்கி நகர மன்றத்தையே பிடித்தது. இன்றைக்கு யோசித்தால் கதை மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சீனப் புதுக்கிராமங்களிலும் கவுன்சில் தேர்தல் உண்டு. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் அவசரகாலத்தில் முள்வேலி போட்டு அடைக்கப்பட்டவர்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஓட்டைக் கொடுத்தது. வேலியே இல்லாத எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே ரோடும் மேனேஜர் தொரையுடையது, தண்ணீரும் தொரையுடையது, இருட்டும் தொரையுடையது. இரவு ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்வது அவர்தான்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ஈப்போவுக்குக் கூட்டிப்போவார். ரயிலடிக்கு எதிரே வெள்ளை வெளேரென்று நிற்கும் டவுன் ஹாலைக் காட்டி, "இங்கதான் சீனிவாசகம் பேசுவாரு" என்பார். ஹப்பாக் என்ற வெள்ளைக்காரர் வரைந்து 1916இல் முடிந்த கட்டடம் அது. அப்பா உள்ளே போனதில்லை, சீனிவாசகத்தைப் பார்த்ததும் இல்லை. பார்த்த ஒருவரை ஈப்போவின் புந்தோங் பகுதியில் சந்தித்திருக்கிறார். அந்தப் பெருமையிலேயே எனக்கு ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே வாங்கிக்கொடுத்து, பஸ் ஏற்றித் தோட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.

எங்கள் கவுன்சில் கூட்டம் தினம் விடியுமுன் நடந்தது. அதற்குப் பெரட்டு என்று பெயர். பெயர் வாசிப்பார்கள், "இருக்கேன்" என்போம். வருகைப் பதிவு முடிந்தது. நிகழ்ச்சி நிரல் தொரையின் தலையில் இருக்கும். வீட்டுக் கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கிராணியிடமும் கிராணி தொரையிடமும் சொல்வார்கள். வழியில் யாருக்காவது உங்கள் மேல் வருத்தம் இருந்தால் அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒன்று. ஒரு நாள் தொரையின் காரே ரோட்டுக் குழியில் இறங்கி அச்சு உடைந்துபோனது. மறுநாள் பெரட்டில் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பால் வெட்டு கிடையாது, கல் சுமக்கும் வேலை. சாயங்காலத்துக்குள் ரோடு முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதைச் சொன்னால் என் தலைமுறைக்காரர்கள் உடனே, "அந்தக் காலத்துல வேலை நடந்துச்சுப்பா" என்று பெருமூச்சு விடுகிறார்கள். நடந்தது உண்மைதான். நடந்தது தொரையின் பங்களா ரோட்டில். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சந்து நான் பிறந்தபோது எப்படிச் சேறாக இருந்ததோ, லயத்தை இடித்தபோதும் அப்படியே இருந்தது.

பிறகு வந்ததையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. மோதல் நடந்துகொண்டிருந்தபோதே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் போட்டிருந்தார்கள். நாடெங்கும் கேட்டு விசாரித்து, தேர்தல் வேண்டும் என்று 1968இல் பெரிய அறிக்கை கொடுத்தது. டி.ஆர். சீனிவாசகம் 1969 மார்ச்சில் காலமானார். ஈப்போவின் பெரிய பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தல் ஏற்பாடுகள் இனி செல்லாது என்று ஒரே பிரிவில் முடித்துவிட்டது. நல்ல அறிக்கை எழுதுவதில் எந்தக் காலத்திலும் நமக்குக் குறைவில்லை. 1988 மே 27 அன்று ஈப்போ மாநகரானது. டவுன் கவுன்சில் முனிசிபல் ஆகி, முனிசிபல் மாநகர் மன்றம் ஆனது. பெயர் வளர வளர ஓட்டு தேய்ந்தது.

இதற்கிடையே தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்ச் சிமெண்டு வந்தது. லயம் இருந்த மாதிரியான இடங்களில் இன்றைக்கு அழகான மலாய்ப் பெயர் கொண்ட தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள். அப்படி ஒன்றில்தான் ஓய்வுபெற்ற வாத்தியாராக நான் குடியிருக்கிறேன். எந்த மன்றத்தின் எல்லை என்று கேட்காதீர்கள். பேராக்கில் மன்றங்கள் 15 இருக்கின்றன. உங்களுக்குப் பிடிக்காததை வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் வருஷமே 'சுக்காய் பிந்து' பில் வந்தது. மதிப்பீட்டு வரி என்பது பத்திரிகைத் தமிழ். அந்த மலாய்ச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கதவு வரி. எங்கள் வீட்டுக்குக் கதவு இரண்டு, வரியும் வருஷத்துக்கு இரண்டு தடவை. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆக, ஓட்டு இருந்த காலத்தில் நாங்கள் எல்லைக்கு வெளியே இருந்தோம். எல்லைக்குள் வந்து வரி கட்டத் தொடங்கியபோது ஓட்டு இல்லை. யாரோ எங்களுக்காகவே நேரம் பார்த்துச் செய்த மாதிரி இருக்கிறது.

போன வருஷம் என் வீட்டு வாசலில் ரோட்டில் ஒரு குழி விழுந்தது. முதலில் தட்டளவு, பிறகு தாம்பாளம். பேரன் செல்பேசியில் மன்றத்துக்கு 'அடுவான்', அதாவது புகார், போட்டுக் கொடுத்தான். புகார் கிடைத்தது, நன்றி என்று நீளமான ஓர் எண் வந்தது. இரண்டு வாரத்தில் சீருடையில் இருவர் வந்து, குழியை எல்லாப் பக்கமும் நின்று படம் பிடித்து, அதைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். சுத்தமான வட்டம். காம்பஸ் வைத்தாலும் அப்படி வராது. மாதம் இரண்டு போயின. மறுபடி அடுவான், மறுபடி எண். மறுபடி வந்து, மங்கிப்போன வட்டத்தின் மேலேயே புது வட்டம் போட்டார்கள்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். மாதம் ஒரு முறையாவது மன்றம் கூட வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும், மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. உறுப்பினர்கள் எட்டுக்குக் குறையாமல், 24க்கு மிகாமல். ஊராட்சி அனுபவமோ தொழிலில் சிறப்போ உள்ளவர்கள், அல்லது தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யத் தகுந்தவர்கள் என்று மாநில அரசு நியமிக்க வேண்டும். அந்த 'அல்லது' மட்டும் எவ்வளவு பேருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்ட நாளில் இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டையோடு போனேன். வாசல் காவலர் மரியாதையாக, "பாயார் கவுண்டர் கீழே, அங்கிள்" என்று வரி கட்டும் இடத்தைக் காட்டினார். கூட்டம் பார்க்க வந்தேன் என்றதும், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார். பொதுமக்கள் என்றேன். அப்படி ஒரு டிபார்ட்மெண்ட் அவர் பட்டியலில் இல்லை. யாருக்கோ போன் செய்து, என் அடையாள அட்டையான ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். குளிர்சாதனம் கேமரன் மலைக்குச் சவால் விட்டது.

துஆ ஓதினார்கள். போன கூட்டத்துக் குறிப்பு வாசித்ததாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். "செத்துஜு?", சம்மதமா என்று தலைவர் கேட்க, "செத்துஜு" என்று எல்லோரும் சொன்னார்கள். கடை லைசென்ஸ், செத்துஜு. கட்டடத் திட்டம், செத்துஜு. ஓட்டப் போட்டிக்கு ரோட்டை மூடுவது, செத்துஜு. தெருநாய் விஷயத்தில் ஓர் அம்மா மட்டும் இரண்டு நிமிஷம் பேசினார், குறித்துக்கொள்ளப்பட்டது. நான் எதிர்த்து ஒரு கையாவது எழும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். கை என்று ஒன்று எழுந்தது, தண்ணீர் போத்தலுக்காக. பெரட்டில் "இருக்கேன்" சொன்ன குரல்தான் இது, குளிர்சாதனத்தில் உட்கார்ந்து மலாயில் சொல்கிறது.

வெளியே வந்தபோது தமிழ் உறுப்பினர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பையன், என் பேரனை விடப் பத்து வயது மூப்பு இருக்கும்.

"அங்கிள், கூட்டத்துக்கு நம்ம ஆளு வந்து பார்த்ததே இல்ல. டீ குடிச்சிட்டுப் போங்க."

குழியைச் சொன்னேன். எண் இரண்டையும் காட்டினேன்.

"இதெல்லாம் இங்க வராது அங்கிள். கீழ கமிட்டியிலேயே முடிஞ்சிடும். நீங்க எனக்கு வாட்ஸ்ஆப் பண்ணுங்க."

"கூட்டத்துல கேட்டா என்ன?"

அவர் சிரித்தார். "கேட்கலாம் அங்கிள். ஆனா அடுத்த தவணை பேரு கொடுக்கிறது கட்சி."

கரிப்பாப் நன்றாக இருந்தது, உருளைக்கிழங்கு சற்று உப்பு. ஐசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு தோட்டத்துக் கோயிலில் கமிட்டிக் கூட்டம். லயம் போனாலும் அம்மன் மட்டும் தாமான் ஓரத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். திருவிழாவுக்கு உறுமி மேளமா, சிங்கப்பூர் பாட்டுக் குழுவா என்று கேள்வி. இப்போது பெண்களும் கை தூக்குகிறார்கள், ஆண்களை விட வேகமாக. ஒரு மணி வரை போனது. தோற்றவர்கள் நன்கொடைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஏனோ மனசு நிறைந்திருந்தது.

அந்த உறுப்பினருக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப்புக்கு நீல நிறத்தில் இரண்டு சரிக்குறி விழுந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து மூன்றாவது வட்டம் போட்டார்கள். பொங்கலன்று விடிகாலை எழுந்து பார்த்தால், என் மனைவி அந்த வட்டத்தையே நடுவாக வைத்து ரோடு முழுக்கக் கோலம் போட்டிருந்தாள். மஞ்சள் வட்டத்தைச் சுற்றி எட்டு இதழ், இதழுக்கு ஒரு கரும்பு. நடுக்குழியில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் ஒரு செம்பருத்தியை மிதக்கவிட்டு, "கார்க்காரன் யாரையும் மிதிக்க விடாதீங்க" என்று எனக்கு ஒரு நாற்காலியும் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.