சூரியோதயம் தனி விலை

கேள்வி: 2010 மாடல் டீசல் கேம்பர்வேன் ஒன்றுக்கு 18,000 பவுண்டு கேட்கிறார்கள். நியாயமான விலைதானா?
- ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: அதில் வேனின் விலை பாதிதான் இருக்கும். மீதி, உரிமையாளர் ஸ்காட்லாந்து மலையில் கண்ட சூரியோதயத்துக்கு. அதற்கு நீங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

முதலில் வண்டி எண்ணை அரசின் எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனத் தகுதி) சோதனை வரலாற்றுப் பக்கத்தில் தட்டுங்கள். இலவசம். வருடாவருடம் ஓடோமீட்டர் காட்டிய மைல், சோதித்தவர் குறித்த துரு, எல்லாம் வரும். நடுவில் மைல் குறைந்திருந்தால் பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அடுப்பையும் மடிப்புக் கட்டிலையும் பார்த்து மயங்காமல், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். ஈரவாடை அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. (வாசனைத் திரவியம் தூக்கியடித்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.) டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையா? அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஹாரோவாசிக்கு இன்னொரு தலைவலி உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் முழுவதும் யூலெஸ் என்னும் மாசுக் கட்டண மண்டலம். கட்டணத்திலிருந்து தப்ப டீசலுக்கு யூரோ 6 தரம் வேண்டும். 2010 மாடலில் அதை எதிர்பார்க்காதீர்கள். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. சொந்த வாசலைத் தாண்டவே கட்டணம்!

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை தீரவில்லையென்றால், கோடை முடிந்து அக்டோபரில் போய்க் கேளுங்கள். விற்பவரின் குரல் இறங்கியிருக்கும். இப்போதைக்கு 18,000 தராதீர்கள்.