வைத்தவர் வேறொருவர்

வீட்டில் ஒரு பொருளைத் தேட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தேடுவதற்கு, இன்னொருவர், இருந்த இடத்திலிருந்தே “அங்கதான் இருக்கு, நல்லாப் பாருங்க” என்று சொல்வதற்கு. நகவெட்டியோ, பாஸ்போர்ட்டோ, போன வருஷத்து வரி ரசீதோ, எதுவானாலும் வசனம் மாறுவதில்லை. தேடுகிறவருக்குக் கண் போதாது, சொல்கிறவருக்குப் பொறுமை போதாது என்றுதான் ஊர் நினைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சண்டைக்கு மூலகாரணம், பொருளை வைத்தவர் அதே வீட்டில் இருப்பது. அவருக்கு இடம் தெரியும், அல்லது தெரியும் என்று உறுதியாக நம்புகிறார். தேடுகிறவரோ பரீட்சை எழுதுகிறார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது யாருக்கும் விடை தோன்றாது. ஆகவே, ஒரு ஜோடி சேர்ந்து எதையாவது தேடி, பேச்சுவார்த்தை அறுந்துபோகாமல் வீடு திரும்ப வேண்டுமானால், அந்தப் பொருளை ஒளித்துவைத்தவர் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆபீஸ் விட்டதும் கணவனும் மனைவியும் காட்டுப்பாதைக்குப் போய் முன்பின் தெரியாத ஒருவர் ஒளித்த டப்பாவைத் தேடுவார்கள். பெயர் ஜியோகேஷிங்.

கேஷ் என்றதும் பணம் என்று நினைத்து யாரும் எழுந்திருக்க வேண்டாம். இது வேறு கேஷ். ஒளித்துவைத்த சேமிப்பு என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். விளையாட்டின் பிறப்புக்கு ஒரு அரசாணை காரணம். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குப் போகும் அலைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, இடத்தை நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்துவதாக 2000 மே 1 அன்று அதிபர் கிளிண்டன் அறிவித்தார். மனிதகுலம் இந்தத் துல்லியத்தை வைத்து என்ன செய்யப்போகிறது என்ற கேள்விக்கு இரண்டே நாளில் பதில் கிடைத்தது. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகில், டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை உலகுக்கு அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு டப்பா பீன்ஸ். எடுப்பவர் எதையாவது எடுத்துக்கொண்டு எதையாவது வைக்க வேண்டும், கூட இருக்கும் நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மைக் டீக் என்பவர் சில நாட்களிலேயே போய்க் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. ராணுவத் தோட்டாப் பெட்டி அளவிலும் உண்டு, விரல்நுனி அளவிலும் உண்டு. ஃபிலிம் ரோல் செத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அதன் குப்பி மட்டும் இந்த விளையாட்டின் புண்ணியத்தில் வேர்ப்பொந்துகளில் உயிரோடு இருக்கிறது.

செயற்கைக்கோளே இடத்தைக் காட்டிவிடும்போது தேட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் மரங்களிடம் இருக்கிறது. திறந்தவெளியில் செல்போன் ஏறக்குறைய ஐந்து மீட்டர் பிழையோடு இடத்தைச் சொல்லும். காட்டுக்குள் ஈர இலைகள் அலையை மங்கவைக்கின்றன. அது அடிமரங்களில் மோதிச் சுற்றுவழியில் வந்து சேருகிறது. ஒளித்தவர் போனிலும் இதே பிழை இருந்திருக்கும். இரண்டையும் கூட்டி, சுமார் பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்று வைத்துக்கொண்டால், பரப்பு 314 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு நாற்பது சதம். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து, அணுக்கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, ஐன்ஸ்டைனின் சார்பியல் திருத்தம்வரை பார்த்து வந்த தகவல், கடைசியில் “இந்த ஒன்றரை கிரவுண்டுக்குள்ள எங்கயோ இருக்கு” என்று கைகழுவிவிடுகிறது. வீட்டில் கேட்ட அதே வசனம்தான். ஆனால் சொல்வது செயற்கைக்கோள். அதனோடு யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதில்லை. என் வாதத்தின் ஆணிவேர் இதுதான்: அந்த வட்டத்துக்குள் நிற்கும் இருவருக்கும் இடம் தெரியாது. ஆணையிட ஆளில்லை. தாம்பத்தியத்தில் இவ்வளவு சுத்தமான சமத்துவம் வேறெங்கே கிடைக்கிறது?

போர்ட்லண்டின் ஃபாரஸ்ட் பார்க் போன்ற காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நகர எல்லைக்குள்ளேயே ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். வைல்ட்வுட் என்ற ஒரு நடைபாதை மட்டும் 30 மைல். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிவிடும். மேற்கே ஹில்ஸ்பரோவின் சில்லுத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் நம்மூர்க்காரர்கள் உட்பட யாரும் ஆபீஸ் முடிந்து ஆற அமர வரலாம். (டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போது டார்ச்சைத் தேடுவதிலேயே பாதி விளையாட்டு முடிந்துவிடும்.) டக்ளஸ் ஃபிர், தேவதாரு, பாசி படர்ந்த மேப்பிள், முழங்கால் உயரப் பெரணி. உதவிக்கு ஒரு குறிப்பும் தருவார்கள். முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதென்று ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போட்ட சங்கேதத்தில் இருக்கும். கஷ்டப்பட்டு அவிழ்த்தால் ‘மரத்தடியில்’ என்று வரும். ஐயாயிரம் ஏக்கர் காட்டில்!

இந்த இடத்தில் ஒருவர் போனிலுள்ள அம்புக்குறியை நம்பி, சாமி வந்தவர்போல வட்டமடிப்பார். மற்றவர் போனை நம்பாமல் நின்று பார்ப்பார். இரண்டு பேரும் வேண்டும். அம்புக்குறிக்காரர் இல்லையென்றால் சரியான வட்டத்துக்கு வந்து சேர முடியாது. நின்று பார்ப்பவர் இல்லையென்றால் வட்டத்தை விட்டு வெளியேற முடியாது. அனுபவசாலிகளின் கண் டப்பாவைத் தேடுவதில்லை. காடு செய்யாத காரியத்தைத் தேடுகிறது. மரத்திலிருந்து விழும் சுள்ளி தாறுமாறாகக் கிடக்கும். மூன்று சுள்ளிகள் ஒரே நீளத்தில் பக்கம் பக்கமாக, பாய் விரித்ததுபோல ஒரு வேரை மூடியிருந்தால், அது மனிதர் கைவேலை. பாசி ஒரு துண்டு மட்டும் காய்ந்திருந்தால், யாரோ பெயர்த்து வைத்திருக்கிறார்கள். காடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் எது காடில்லை என்று தெரியும். வெறுமனே நடந்துபோகிறவர் பெரணியைப் பச்சை என்று கடந்துவிடுவார். டப்பா தேடுகிறவர் அதன் அடிவரை குனிந்து விசாரிக்கிறார்.

“அப்படியென்றால் டப்பா எதற்கு, சும்மா நடக்கலாமே” என்பது அடுத்த ஆட்சேபம். சும்மா நடக்கலாம். ஆனால் ஆபீஸ் முடிந்து இரண்டு பேர் சும்மா நடந்தால் மூன்றாவதாக மேனேஜரும் கூடவே நடக்கிறார். நாலாவது வளைவில் வீட்டுக்கடன் சேர்ந்துகொள்ளும். ஒன்றரை கிரவுண்டில் குனிந்து நிற்கும்போது இவர்கள் இருவருக்கும் இடமில்லை. கையில் போன் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ‘இனி என்னால் ஆகாது, உள்ளே வை’ என்று தானாகவே சொல்லும் செல்போன் வேலை இது ஒன்றுதான். உள்ளே என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்வது சிரமம். ஈரமான காகிதச் சுருள், பிளாஸ்டிக் டைனோசர், சாவி இல்லாத சாவிக்கொத்து. ஆனால் பெயரிலேயே பாதி ருசி இருக்கிறது. அதே ஃபாரஸ்ட் பார்க்கில் கூரை போய், பாசி மூடிய ஒரு கல் கட்டடம் நிற்கிறது. ஊரார் அதைச் சூனியக்காரியின் கோட்டை என்பார்கள். 1930களில் அரசு கட்டிய பொதுக்கழிப்பிடம் அது. 1962 புயலில் சிதைந்தது. கழிப்பிடம் கோட்டையாகலாம் என்றால் சோற்று டப்பா புதையலாகக் கூடாதா?

சிரித்துத் தள்ளிவிட முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒரு டப்பாவுக்காக நூறு ஜோடிகள் பாதையை விட்டு இறங்கினால், ஒன்றரை கிரவுண்டில் பெரணி இருக்காது, களிமண்தான் இருக்கும். இதை நான் மறுக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் டப்பா வைக்க முடியாது. உல்மர் செய்ததுபோல மண்ணைத் தோண்டிப் புதைப்பதை இன்றைய விதிகள் ஏற்பதில்லை. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும். போகிறபோக்கில் குப்பையைப் பொறுக்கிவரும் வழக்கமும் உண்டு. இவ்வளவு இருந்தும், பாதையோரத்துக் கட்டையிலேயே கை எட்டும் தூரத்தில் ஒளிக்கத் தெரியாதவர் ஒளிக்காமல் இருப்பது நல்லது. இதில் எனக்குச் சமரசமில்லை. மற்றவர் பயம் இன்னொன்று. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பியில் ஒரு டப்பாவைச் சந்தேகப்பட்டு, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்துத் தகர்த்தே விட்டார்கள். விவரம் தெரியாத வழிப்போக்கர்களுக்கு இந்த விளையாட்டில் ‘மகிள்’ என்று பெயர், ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து வாங்கியது. அந்தி வேளையில் தனியாக ஒருவர் மரப்பொந்தில் கைவிட்டுத் துழாவினால் மகிள் போலீஸைக் கூப்பிடுவார். அதையே இருவராகச் செய்தால், ஏதோ மோதிரத்தைத் தொலைத்துவிட்டார்கள், பாவம் என்று நடையைக் கட்டுவார். ஜோடியாகப் போவதற்கு இது கூடுதல் காரணம்.

கிடைக்காவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. ‘கிடைக்கவில்லை’ என்று முறைப்படி பதிவு செய்துவிட்டு, ஒளித்தவரை இருவரும் ஒருமனதாகத் திட்டிக்கொண்டே கார்வரை நடக்கலாம். அவர் காதில் விழாது. ஆகவே பாவமும் இல்லை. என் கோட்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருப்பதை மட்டும் மறைக்க விரும்பவில்லை. டப்பா கிடைத்தால் போதாது. உள்ளிருக்கும் சுருளில் பெயர் எழுதினால்தான் கணக்கில் சேரும். சின்ன டப்பாவுக்குள் பேனா கொள்ளாது. அதை வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். காட்டில் எதை ஒளித்தவரும் வேறொருவர், பேனாவை வைத்தவர் மட்டும் நம் வீட்டுக்காரர். “பையிலதான் போட்டேன், நல்லாப் பாருங்க” என்ற குரல் தேவதாருகளுக்கு நடுவே எழுந்துவிட்டால், இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் உதவிகூடப் பயன்படாது. ஆளுக்கொரு பேனா எடுத்துக்கொண்டு போங்கள்.