பழுதுநீக்கமும் வினா வகை ஆறும்

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மனிதர் கேட்கும் வினாக்களை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகவும், அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளை எட்டாகவும் வகுத்தபோது, அரை இஞ்ச் குழாயையும் சீலிங் ஃபேனையும் மனத்தில் வைத்திருக்க வழியில்லை. ஆயினும், ஒரு வாஷர் மாற்றுவதற்கு இவ்வளவு கூலியா என்று வெகுண்டு, இனி பிளம்பரை அழைப்பதில்லை எனச் சூளுரைத்து, ஒரு திருப்புளியும் ஒரு கட்டிங் பிளேயரும் வாங்கிவந்து, வீட்டுப் பழுதைத் தாமே நீக்கப் புகும் குடும்பத்தலைவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கேட்கும் வினாக்களையும் அவரைப் பிறர் கேட்கும் வினாக்களையும் தொகுத்துப் பார்த்தால், அவை அத்தனையும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகின்றன. பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனனம் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்ததும் கைவிடப்பட்ட இந்த இலக்கணப் பகுதி, குளியலறையில் இவ்வளவு பயன்படும் என்பது கற்பித்த ஆசிரியருக்கே தெரிந்திருக்காது. இக்கட்டுரை அவ்வினாக்களை வகைப்படுத்தி ஆராய முற்படுகிறது. இதில் தொடக்கநிலையாளர் எனப்படுபவர், கருவியை வாங்கிவிட்டவர், ஆனால் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இன்னொரு கருவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்.

தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுவது அறியா வினா. பழுதுநீக்கத்தில் இதன் தலையாய வடிவம், “இதை எந்தப் பக்கம் திருப்புவது?” என்பதாகும். மரையை, அதாவது திருகின் உடலில் சுற்றிச் செல்லும் புரியை, கடிகார முள் ஓடும் திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் திருப்பினால் கழலும் என்பது பொதுவிதி. இவ்விதி, திருகின் தலைக்கு நேர் எதிரே நின்று பார்ப்பவருக்கு மட்டுமே உரியது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்ல மறந்துவிடுவதால், வாஷ் பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, நெற்றியில் சொட்டும் நீரைத் துடைக்கக் கை ஒழியாமல், இல்லாத கடிகாரம் ஒன்றைத் தலைகீழாகக் கற்பனை செய்யும் தொடக்கநிலையாளர், கழற்றும் நோக்கத்தோடு முழு வலிமையையும் செலுத்தி, இனி எவராலும் கழற்ற முடியாதபடி இறுக்கிவிடுகிறார். இவ்விதியை ஒருவாறு கைவசப்படுத்தியவருக்கும் விதிவிலக்குகள் காத்திருக்கின்றன: டேபிள் ஃபேனின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியும் சைக்கிளின் இடப்பக்கப் பெடலும், சுழற்சியால் தாமாகக் கழன்றுவிடாதிருக்கும் பொருட்டு, எதிர்மரையில் செய்யப்பட்டவை. டெஃப்லான் டேப்புக்கும் திசை உண்டு. 1938இல் ராய் பிளங்கெட் என்னும் அமெரிக்க வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கண்டறிந்த இப்பொருளை, குழாயின் மரைமுனை தம்மை நோக்கியிருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரத் திசையில் சில சுற்றுகள் இழுத்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், குழாயைத் திருகத் திருக டேப் சுருண்டு வெளியே வந்து நிற்கும்.

இதுவா அதுவா என்று தெளிவு வேண்டிக் கேட்கப்படுவது ஐய வினா. குழாய் ஒழுகுகிறதே, வாஷர் போய்விட்டதா, குழாயே போய்விட்டதா? ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதே, கண்டென்சரா, காயிலா? கரண்ட் இல்லையே, நம் வீட்டிலா, தெருவிலா? இவற்றுள் மூன்றாவதற்கு மட்டும், பால்கனிக்கு வந்து எதிர்வீட்டை எட்டிப் பார்த்தல் என்னும் உறுதியான ஆய்வுமுறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. எதிர்வீட்டுக்காரரும் அதே ஆய்வுக்காக வெளியே வந்து நிற்பாராயின், பழுது தெருவுக்குரியது என்பதும், இனிச் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை என்பதும் ஒருங்கே உறுதிப்படுவதால், இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி தோன்றுகிறது.

ஏனையவற்றுக்கும் வழி இல்லாமல் இல்லை. பலமுறை சுற்றி மூடும் பழைய வகைக் குழாயில், தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் வில்லையாகிய வாஷர், நீர் வரும் துளையின் மேல் அழுந்தி அடைக்கிறது. அது தேய்ந்தால் ஒழுகும், மாற்றினால் நிற்கும். கால் சுற்றிலேயே திறந்து மூடும் புதுவகைக் குழாயிலோ, ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரு பீங்கான் தகடுகளே அவ்வேலையைச் செய்வதால், அதைப் பிரித்து வைத்து வாஷரைத் தேடுபவர் எவ்வளவு நேரம் தேடினாலும் காணமாட்டார். சாதாரண சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் ஒன்று, மோட்டார் சுழலத் தேவையான உந்துதலை உண்டாக்கித் தருகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் ஆற்றல் குன்றுவதால் ஃபேனின் வேகமும் குன்றுகிறது. நின்றுபோன ஃபேனை ஒட்டடைக்கோலால் தள்ளிவிட்டதும் அது சுற்றத் தொடங்கினால், ஐயத்துக்குரியது முதலில் கண்டென்சரே. ஆனால் இந்தச் சோதனை வெற்றி பெற்ற வீடுகளில் கண்டென்சர் மாற்றப்படுவதில்லை. ஒட்டடைக்கோல் ஃபேனுக்கு அருகிலேயே நிரந்தரமாகச் சாத்தி வைக்கப்படுகிறது.

ஐய வினாவைத் தீர்க்காமல் செயலில் இறங்குவதன் விளைவைக் கதவு காட்டும். ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சிய மரக்கதவு பெருத்து நிலையில் சிக்கும்போது, கதவு பெருத்ததா, கீல் தளர்ந்து இறங்கியதா என்று பாராமல், இழைப்புளியை எடுத்து விளிம்பைத் தாராளமாகச் சீவித் தள்ளுபவர், சித்திரை வெயிலில் அதே கதவு சுருங்கியபின், அறைக்குள் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைக் கதவைத் திறக்காமலே பார்க்கும் வசதியைப் பெறுகிறார்.

ஒரு பொருளைக் கொள்வதற்காகக் கேட்கப்படுவது கொளல் வினா. இது நிகழுமிடம் ஹார்டுவேர்ஸ் கடை. இங்கு வினாவைக் காட்டிலும் விடையே ஆராய்ச்சிக்குரியது. நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள், வினாவுக்கு வினாவையே விடையாகத் தரும் ‘வினா எதிர் வினாதல்’ என்பதை இக்கடைக்காரர்களைப்போல் முழுமையாகக் கையாள்வோர் வேறு துறையில் இல்லை.

“எல்போ இருக்கா?”

“எத்தனை இஞ்ச்?”

“அரை இஞ்ச்னு நினைக்கிறேன்.”

“யூபிவிசியா, சிபிவிசியா?”

“வெள்ளையா இருக்கும்.”

“உள்மரையா, பிளெயினா?”

“தண்ணி வர்ற பைப்புங்க.”

“பழசு கொண்டாந்தீங்களா சார்?”

இந்த இடத்தில் தொடக்கநிலையாளர் தம் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சற்றே விலக்கி, அந்த இடைவெளியைக் கல்லாவின் மேல் நீட்டுகிறார். வீட்டில் குழாயின்மேல் வைத்துப் பார்த்த இடைவெளிதான் அது. ஆனால் வழியில் இருமுறை பிரேக் பிடித்து, ஒருமுறை தெரிந்தவருக்குக் கையசைத்து, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வந்தபின், அதன் துல்லியம் குறித்து அவருக்கே ஐயம் உண்டாகிறது. கடைக்காரர் அவ்விரல்களைப் பரிவுடன் பார்த்துவிட்டு, அடுத்து நிற்கும் பெயின்டரிடம், “உங்களுக்கு என்னண்ணே?” என்கிறார்.

கடைக்காரரின் எதிர்வினாக்களில் வீண்வினா ஒன்றும் இல்லை என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். அரை இஞ்ச் எனப்படும் இரும்புக் குழாயை அளவுகோல் வைத்து அளந்தால் அதன் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர் இருக்கும். அரை இஞ்ச் என்பதோ 12.7 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது அக்குழாய்க்கு வழிவழியாக வந்த பெயரேயன்றி, இன்று அதன் எந்தப் பகுதியின் அளவும் அன்று. யூபிவிசி குழாயும் பொதுவாக இந்த வெளிவிட்டத்தையே பின்பற்ற, வெந்நீருக்கும் தாங்கும் சிபிவிசி குழாயோ, அதே அரை இஞ்ச் என்னும் பெயருடன் 15.9 மில்லிமீட்டரே இருக்கிறது. எனவே அரை இஞ்ச் குழாய்க்கு அரை இஞ்ச் எல்போவைச் சரியாகவே வாங்கிவந்தும் அது பொருந்தாமல் போவதற்கு இடமுண்டு. இவை போதாவென்று, ஓர் இஞ்சை எட்டாகப் பகுத்து ஒவ்வொரு பகுதியையும் ‘நூல்’ என்று வழங்கும் தச்சர் கணக்கும் உள்ளது. “மூணு நூல் போல்ட்டு” கேட்டுவரச் சொல்லி அனுப்பப்பட்டவர், வழியில் தையல் கடையில் விசாரிப்பாராயின் அவரைக் குறைகூற இயலாது. பழைய உறுப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கல்லாவின் மேல் வைப்பது, இத்தனை வினாக்களுக்கும் ஒரே விடையாக அமையும்.

ஒரு பொருளைக் கொடுப்பதற்காகக் கேட்கப்படுவது கொடை வினா. “சார், உங்ககிட்ட டிரில்லிங் மிஷின் இல்லையா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது, இல்லை என்பதை அறியும் நோக்கத்தால் அன்று, தம்மிடம் இருப்பதை அறிவிக்கும் நோக்கத்தால். இக்கொடையில் மிஷினோடு அதன் உரிமையாளரும் சேர்ந்தே வருவார் என்பது மரபு. சுவரில் துளையிடக் கான்கிரீட் பிட் வேண்டும், மிஷினைச் சுத்தியல் குறியுள்ள நிலையில் வைக்க வேண்டும், 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் துளையே இட வேண்டும், கன்சீல்டு வயரிங் உள்ள வீட்டில் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளையிடவே கூடாது என அவர் விளக்கிக்கொண்டே வேலையையும் செய்துவிடுவதால், வீட்டுக்காரருக்கு எஞ்சுவது, துளைக்குக் கீழே முறத்தைப் பிடித்துக்கொண்டு செம்மண் தூளை ஏந்துதல். 1910களில் ஜான் ராலிங்ஸ் என்னும் லண்டன் ஒப்பந்தக்காரர் சணல் நாரில் செய்த பிளக்கை உருவாக்கும்வரை, சுவரை அகலமாகக் கொத்தி மரக்கட்டை இறுக்கி, அதில்தான் திருகை முடுக்க வேண்டியிருந்தது. இன்று பிளாஸ்டிக் பிளக் சில்லறைக் காசுக்குக் கிடைத்தும், பெரிதாகிவிட்ட துளையில் தீக்குச்சிகளைச் செருகி நிரப்பும் முறை மறையவில்லை. அவ்வாறு மாட்டிய கடிகாரம் கீழே வரும்வரை அம்முறையில் குறை காண்பதற்கில்லை.

ஒரு செயலைச் செய்யுமாறு ஏவும் பொருட்டுக் கேட்கப்படுவது ஏவல் வினா. “மெயினை ஆஃப் பண்ணியாச்சா?”, “கேட் வால்வை மூடியாச்சா?” என்னும் இரண்டும் இவ்வகையில் தலைசிறந்தவை, பிறர் கேட்குமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் இவைதாம். மெயினை அணைத்தபின், டெஸ்டரை வேலைசெய்யும் ஓர் இணைப்பில் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தாலன்றி, அது எரியாமையை நம்பக் கூடாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது எரியாது, டெஸ்டரே கெட்டிருந்தாலும் எரியாது. இவ்வெச்சரிக்கையில் நகைச்சுவைக்கு இடமில்லை.

நீரைப் பொறுத்தவரை சிறிது இடமுண்டு. வால்வை மூடாமல் குழாயைக் கழற்றியவர், ஆறு மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியின் நீரைத் தம் கட்டைவிரலால் தடுத்து நிற்பதாகக் கொள்வோம். அரை இஞ்ச் குழாயின் வாயில் அப்போது அழுத்தும் விசை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம்; அதைத் தாங்குவது எவருக்கும் எளிது. அந்த விரலோடு மொட்டை மாடிக்குச் சென்று வால்வை மூடுவது மட்டுமே எளிதன்று. “வால்வு எங்க இருக்கு?” என்னும் அறியா வினா அவரிடம் அந்நேரத்தில்தான் பிறக்கிறது. உள்ளிருந்து மனைவி, “அப்பவே ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே?” என்கிறார். இது காலத்தால் பிந்திய ஐய வினாபோல் தோன்றினும், பொருளால் ஏவல் வினாவே; உடனே போனை எடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

நன்னூல் முதலில் வைத்த அறிவினா, பழுதுநீக்கத்தில் கடைசியில்தான் வருகிறது. விடை தமக்குத் தெரிந்திருந்தும் ஒருவர் கேட்பது அறிவினா. மாலையில் வந்து சேரும் பிளம்பர், சுற்றிலும் கிடக்கும் டெஃப்லான் டேப்பையும், முனை மழுங்கிய திருகையும், ஈர லுங்கியுடன் நிற்பவரின் கட்டைவிரலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுல யாரு சார் கை வச்சது?” என்று கேட்கிறாரே, அதைவிடத் தூய அறிவினா எந்த இலக்கண நூலிலும் இருக்க முடியாது. இதற்குக் கிடைக்கும் விடைகளையும் வகைப்படுத்தலாம். “நான் தொடவே இல்ல” என்பது மறை விடை. “லேசா திருப்பினேன், கையோட வந்துடுச்சு” என்பது உற்றது உரைத்தல். “பசங்க விளையாடிட்டிருந்தாங்க” என்பது, கேட்டதை விட்டு அதற்கு இனமானதைச் சொல்லும் இனமொழி விடை. “நான்தான்” என்னும் நேர் விடை வழக்கில் அருகிவிட்டது.

பிளம்பரும் வினாக்களைக் கேட்கவே செய்கிறார்: தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, வால்வு எங்கே, கடைசியாக எப்போது மாற்றியது. தொடக்கநிலையாளர் நாள் முழுதும் கேட்டவற்றிலிருந்து இவை வகையால் வேறானவை அல்ல. இவற்றிலும் அறியா வினாவும் ஐய வினாவும்தாம் உள்ளன. வலிமையிலும் கருவியிலும் வேறுபாட்டைத் தேடுவோர் காணத் தவறுவது, அவர் இவற்றைப் பையைத் திறக்குமுன் நின்றபடியே கேட்கிறார் என்பதை. வினாக்களைக் கேட்பவரின் நோக்கம் கருதி நன்னூல் ஆறாக வகுத்தது. பழுதுநீக்கத்துக்குக் காலம் கருதி, கைவைக்குமுன் கேட்பது, கைவைத்தபின் கேட்பது என்னும் இரண்டே போதும். முன்னதற்கு விடை இலவசமாகக் கிடைக்கும். பின்னதற்குக் கூலியும், ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதற்குமேல் நூறு ரூபாயும் ஆகும்.